இரண்டு கிராம்

ஜனவரியில் ஹெல்டர்மா துறையில்
கடல் ஆறிப்போன கஞ்சியாய் ஏடு கட்டிக் கிடக்கும்.
காலை ஐந்து மணிக்கு
கப்பலின் கழிவறைகளை ப்ளீச் ஊற்றிக் கழுவுகிறேன்.
கையுறை உண்டு.
கையுறையில் ஓட்டையும் உண்டு.
மார்ச் வருவதற்குள்
விரல் முட்டிகள் பாளம் பாளமாய் வெடித்து
சட்டைப் பொத்தானைப் போடும்போது
ரத்தம் ஒரு சொட்டு எட்டிப் பார்க்கும்.

அடுத்த வீட்டுக் கல்யோவிடம் பதினாறு தேன்பெட்டிகள்.
தேனெடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்பார்கள்.
கல்யோவின் புறங்கையில் நக்க எதுவும் இல்லை.
கொட்டுத் தடம், காய்ந்த பிசின்,
என்னுடையதைவிட ஆழமான வெடிப்பு.

"கடைக் களிம்பு வாங்காதே, ஹெல்வே"
என்று பழைய செய்தித்தாளில் பொதிந்து
மஞ்சள் கட்டி ஒன்றை வேலிக்கு மேலே நீட்டினார்.
மெழுகு.
எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் இடையில்
ஒரு மெழுகு வேண்டும் என்று மட்டும் எனக்குத் தெரியும்.
மெழுகென்றால் மெழுகுதானே.

உருக்கினேன். கலக்கினேன்.
வெண்ணெயாய்த் திரண்டது.
பெருமை தாங்காமல்
ஜாடியின் மேல் தேதிகூட எழுதி ஒட்டினேன்.

விடிந்து பார்த்தால்
கீழே தண்ணீர், மேலே மஞ்சள் பாறை.
சண்டை போட்ட இருவர்
ஒரே பேருந்தில் ஏற நேர்ந்ததுபோல
ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

"தேனீ மெழுகு எண்ணெயை இறுக்கும்,
தண்ணீரைக் கட்டிப் பிடிக்காது" என்றாள்
கார்ட்லா மருந்துக்கடைப் பெண்.
பால்மமாக்கும் மெழுகு என்று ஒரு பொட்டலம் தந்தாள்.
சோப்புச் சீவல் மாதிரி வெள்ளைத் துகள்.
மோந்தேன். ஒன்றுமில்லை.
எந்தப் பூவோடும் பழக்கமில்லாத மெழுகு.
அதற்கு ஒரு முனை எண்ணெய்ப் பக்கம் சாயும்,
மறு முனை தண்ணீர்ப் பக்கம் சாயும் என்றாள்.
எனக்கு என் மாமியார் நினைவுக்கு வந்தார்.
அவர் ஒரு பக்கமும் சாய்ந்ததில்லை.

இரண்டு பாத்திரங்கள், இரண்டும் எழுபது டிகிரி.
ஒன்று சூடாய் ஒன்று ஆறிப்போய் இருந்தால்
மெழுகு பயந்து மணலாகிவிடும்.
ஊற்று. அடி. நிறுத்தாதே.
கண்ணெதிரே பாலாகிறது,
பால் தயிராகிறது,
மத்துக்குப் பதில் சூப்பு அடிக்கும் கருவி உறுமுகிறது.

அந்தத் தடவை பிரியவில்லை.
பதினோராம் நாள் கறுப்பாய் ஒரு புள்ளி.
பிறகு ரோமம் முளைத்த ஒரு வட்டம்.
தண்ணீர் இருக்கும் வீட்டில் பூஞ்சையும் வாடகைக்கு வரும்;
கெடாமல் காக்கும் மருந்தை, ஆறியபின்,
நூற்றுக்கு ஒரு கிராம் விடவேண்டுமாம்.
மறுபடியும் மருந்துக்கடை.
இந்தத் தடவை அவள் சிரிப்பை அடக்கவில்லை.

இதற்குள் சேதி வேலி தாண்டிவிட்டது.
"தொழிற்சாலைத் தூளாமே" என்றார் கல்யோ.
அதோடு மூன்று வாரம்
காலை வணக்கம்கூட இல்லை.
பெட்டிகளோடுதான் பேசினார்,
எனக்குக் கேட்கும்படி.

தண்ணீர் எழுபது கிராம்,
எண்ணெய் இருபத்தொன்று,
வெள்ளை மெழுகு ஆறு,
கெடாமலிருக்க ஒன்று.
தராசில் இன்னும் இரண்டு கிராமுக்கு இடமிருந்தது.
செய்தித்தாளைப் பிரித்து
மஞ்சள் கட்டியில் கொஞ்சம் சுரண்டிப் போட்டேன்.

ஜாடியோடு போய்த் தட்டினேன்.
உள்ளே வா என்று சொல்லவில்லை, கதவை மூடவும் இல்லை.
ஒரு விரலால் தொட்டார்.
புறங்கையில், வெடிப்புகளின் மேல் இழுத்தார்.
மூக்கருகே கொண்டுபோய்
கண்ணை மூடி வெகுநேரம் நின்றார்.

"என் மெழுகு" என்றார்.
"ஆமாம்" என்றேன்.
"சொன்னேனா இல்லையா, அதுதான் பிடித்து நிறுத்தியிருக்கிறது."

தராசைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.
வீட்டுக்கு வந்து மீதி ஜாடிகளுக்குச் சீட்டு எழுதினேன்.
அதிகம் இருப்பதை முதலில் எழுதவேண்டும் என்பது சட்டம்.
நான் விற்பதில்லை.
முதல் வரியில் எழுதினேன்:
கல்யோவின் தேனீ மெழுகு.
அப்புறம்தான் தண்ணீர்.